குடும்பம் நடத்தும் சிறிய பனிச்சறுக்கு மலை வளர்ந்தே ஆகவேண்டுமா?

நீங்கள் கேட்டது இது. நியூ ஹாம்ப்ஷயரில் உங்கள் வீட்டுக்கு அருகே, மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்தும் சிறிய பனிச்சறுக்கு மலை ஒன்று இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் ஸ்கீ பழகியது அங்கேதான். இப்போது அந்தக் குடும்பம் புதிய சேர்லிஃப்ட் (ஆட்களை நாற்காலியில் உட்காரவைத்து மேலே ஏற்றும் இயந்திரம்), தங்கும் விடுதி, செயற்கைப் பனிக்கான குளம் என்று ஒரு திட்டம் போட்டு ஊராரிடம் பணம் கேட்கிறது. வளராவிட்டால் மூடவேண்டியதுதான் என்கிறார்கள். அது உண்மையா, பணம் போடலாமா என்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சிறிய மலை சிறியதாகவே இருந்து பிழைக்க முடியுமா என்பது ஒன்று. வளரத்தான் வேண்டும் என்றால் எதை முதலில் வளர்ப்பது என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

நான் இயந்திரப் பொறியாளர். வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் மலைகளில் ஸ்னோமேக்கிங் வேலை, அதாவது செயற்கைப் பனி செய்வதற்கான பம்பு, குழாய், கம்ப்ரசர் வேலை பல வருடங்களாகப் பார்க்கிறேன். ஆகவே தண்ணீர், இயந்திரம் பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். குடும்பச் சொத்து, கடன் பற்றிச் சொல்வது பல மலைகளைப் பக்கத்திலிருந்து பார்த்ததில் உருவான கருத்து. வரியும் வாரிசுச் சட்டமும் என் துறை அல்ல. அதற்கு உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.

அந்தக் குடும்பத்தின் பயத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் முதல் ரோப் டோ, அதாவது ஆளை மேலே இழுத்துப்போகும் ஓடும் கயிறு, 1934 ஜனவரியில் வெர்மான்ட்டின் உட்ஸ்டாக்கில் ஒரு விவசாயியின் மேய்ச்சல் நிலத்தில் ஓடியது. ஃபோர்டு மாடல் டி எஞ்சின்தான் அதை இழுத்தது. பழைய கார் எஞ்சினும் நல்ல சரிவும் இருந்தால் யாரும் தொடங்கலாம் என்று அன்றைக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த முப்பது வருடங்களில் நியூ இங்கிலாந்தில், அதாவது நாட்டின் வடகிழக்கு மூலை மாநிலங்களில், ஊருக்கு ஒன்று என்கிற அளவுக்கு முளைத்தன. அவற்றில் மூடிப்போனவை மட்டும் இன்று 600-க்கு அருகில் வருகின்றன. நாடு முழுவதும் பார்த்தால் 1982-83 பருவத்தில் 735 மையங்கள் இருந்தன; இப்போது 480 சொச்சம். போனவற்றில் பெரும்பாலானவை சிறியவை.

ஆனால் அவை சிறியவை என்பதாலேயே போகவில்லை. ஒரு காரணம் காப்பீடு. 1974-ல் வெர்மான்ட்டின் ஸ்ட்ராட்டன் மலையில், புதியவர்களுக்கான சரிவில் பனிக்குள் மறைந்திருந்த புதரில் ஸ்கீ சிக்கி ஓர் இளைஞர் விழுந்தார், கைகால்கள் செயலிழந்தன. 15 லட்சம் டாலர் இழப்பீடு தரவேண்டும் என்ற தீர்ப்பை மாநில உச்ச நீதிமன்றம் 1978-ல் உறுதிசெய்தது. சறுக்கில் இயல்பாக உள்ள ஆபத்தைச் சறுக்குபவரே ஏற்கிறார் என்று அதே ஆண்டில் வெர்மான்ட் சட்டம் இயற்றியது. ஆனாலும் காப்பீட்டுக் கட்டணம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. வார இறுதியில் மட்டும் கயிறு ஓட்டிக்கொண்டிருந்த விவசாயியால் அந்தக் கட்டணத்தைக் கட்ட முடியவில்லை. இன்னொரு காரணம் பனியில்லாத குளிர்காலங்கள். மூன்றாவது, நடத்தியவர் வயதாகி ஓய்ந்தபோது எடுத்து நடத்த ஆளில்லாமல் போனது. இது எந்தக் கணக்கிலும் ஏறாத காரணம், ஆனால் நான் அதிகம் பார்த்தது இதைத்தான்.

பெரிய நிறுவனங்களின் பாஸ், அதாவது ஒரே கட்டணத்தில் பல மலைகளில் சறுக்கவிடும் பருவச் சீட்டு, அதுதான் சிறியவற்றைக் கொல்கிறது என்று பலரும் சொல்வார்கள். வெய்ல் நிறுவனத்தின் எபிக் பாஸ் 2008-லும் ஆல்ட்டெராவின் ஐகான் பாஸ் 2018-லும் வந்தன. அவை சந்தையைப் புரட்டிப்போட்டது உண்மை. ஆனால் அதிகம் அடிவாங்கியது நடுத்தர மலைகள் என்பது என் கணிப்பு. பள்ளி முடிந்து மாலை ஆறு மணிக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும் பெற்றோர் எபிக் பாஸோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. ஒருநாள் டிக்கெட் இருநூறு டாலரைத் தாண்டும் பெரிய மலைகளைப் பார்த்துத் திகைத்துத் திரும்பும் குடும்பங்கள் சிறிய மலைக்கு வருவதும் நடக்கிறது. தனித்து நிற்கும் மலைகளைச் சேர்த்து 2019-ல் தொடங்கிய இண்டி பாஸும் அவற்றுக்கு வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்தது.

இனி வெர்மான்ட்டில் ஒரே பள்ளத்தாக்கில், வினூஸ்கி ஆற்றோரம் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு மலைகளைச் சொல்கிறேன். உங்கள் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலாவது ரிச்மண்ட் ஊரில் உள்ள காக்ரன்ஸ். பொறியாளராக வேலைபார்த்த மிக்கி காக்ரனும் மனைவி ஜின்னியும் 1961-ல் வீட்டுக்குப் பின்னாலிருந்த சரிவில் ரோப் டோ ஒன்றைப் போட்டு விளக்கும் கட்டினார்கள். பள்ளி விட்டு வரும் தங்கள் நான்கு பிள்ளைகளும் வார நாட்களிலேயே பயிற்சி செய்யவேண்டும் என்பதற்காக. ஊர்ப் பிள்ளைகளும் வரத் தொடங்கினார்கள். குளிர்காய இடமில்லாததால் வீட்டுச் சமையலறையே முதல் லாட்ஜ் ஆயிற்று. மலையின் மொத்த உயர வித்தியாசம் ஏறக்குறைய 350 அடிதான். ஆனால் அந்த நான்கு பேரும் அமெரிக்க தேசிய அணிக்குப் போனார்கள். மூத்தவர் மாரிலின் 1969-ல் ஜயண்ட் ஸ்லாலத்தில், அதாவது நட்ட கம்பங்களைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்கும் போட்டியில், உலகக் கோப்பைப் பட்டம் வென்றார். பார்பரா ஆன் 1972 சப்போரோ ஒலிம்பிக்கில், திருப்பங்கள் இன்னும் நெருக்கமாக வரும் ஸ்லாலத்தில் தங்கம் வாங்கினார். இரண்டாவதாக வந்தவரைவிட 0.02 விநாடிதான் முந்தினார். அவருடைய மகன் ரயன் காக்ரன்-சீகல் 2022 பெய்ஜிங்கில் சூப்பர்-ஜி என்ற வேகப் போட்டியில் வெள்ளி வாங்கினார்.

இவ்வளவு சிறிய மலையிலிருந்து இது எப்படி வந்தது என்று கேட்டால் என் பதில், சிறியதாக இருந்ததால்தான் என்பது. பெரிய மலையில் ஒரு முறை இறங்கினால் மேலே போய்ச்சேர லிஃப்டிலும் வரிசையிலும் இருபது நிமிடம் போய்விடும். காக்ரன்ஸில் சில நிமிடங்களில் மறுபடி மேலே நிற்கலாம். ஸ்லாலத்துக்கு வேண்டியது ஆயிரக்கணக்கான திருப்பங்கள். அதற்கு அந்தச் சரிவு தாராளம். ரோப் டோவே ஒரு பயிற்சி. ஓடுகிற கயிற்றைச் சட்டென்று பிடித்தால் தோளோடு இழுத்துக் குப்புறத் தள்ளிவிடும். முதலில் கையுறைக்குள் வழுக்கவிட்டு, கால்களை நேராக வைத்து, மெல்ல மெல்ல இறுக்கவேண்டும். ஈரமான நாளில் கயிறு தண்ணீர் குடித்துக் கனத்து, பிள்ளையின் கையைக் கீழே அழுத்தும். உள்ளங்கையில் தோல் வைத்துத் தைத்த கையுறைகூட ஒரு பருவத்தில் ஓட்டை விழும். ஒரு மாலை முழுக்க இப்படி ஏறி இறங்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு வரும் உடல் பலமும் சமநிலையும் நாற்காலியில் உட்கார்ந்து மேலே போகும் பிள்ளைக்கு வருவதில்லை.

உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துவது அந்தக் குடும்பம் 1998-ல் செய்தது. மலையை வரிவிலக்குள்ள லாபநோக்கமற்ற அமைப்பாக மாற்றினார்கள். அன்று முதல் அதை விற்றுக் காசாக்கும் வழி குடும்பத்துக்கு இல்லை. ஆனால் நன்கொடை வாங்கலாம், தொண்டர்கள் வேலை செய்யலாம், வசதியில்லாத பிள்ளைக்குக் கட்டணம் கேட்காமல் கற்றுக்கொடுக்கலாம். பணமில்லை என்பதற்காக எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்புவதில்லை என்பது அங்கே கொள்கை. குடும்பமும் விலகிப் போய்விடவில்லை. பேரன் ஜிம்மி காக்ரன், அவரும் ஒலிம்பிக் வீரர், பின்னர் அங்கே மேலாளராக இருந்தார். பேரப்பிள்ளைகள் சிலர் சேர்ந்து மலையடிவாரத்திலேயே ஸ்லோப்சைட் என்ற பெயரில், மேப்பிள் மரத்தில் வடியும் பாலைக் காய்ச்சிச் சிரப் செய்யத் தொடங்கினார்கள். மேப்பிள் பால் வடிவது இரவில் உறைந்து பகலில் உருகும் மார்ச் மாதவாக்கில், சறுக்குப் பருவம் முடியும் நேரத்தில். அது குடும்பத்தின் தனித் தொழில். மலையின் கணக்கோடு கலப்பதில்லை. இதைத்தான் நான் புத்திசாலித்தனமான வளர்ச்சி என்பேன். 350 அடி 350 அடியாகவே இருக்கிறது. குடும்பத்தின் பிழைப்பை மலையின் தலையில் சுமத்தாமல் வேறு இடத்தில் தேடிக்கொண்டார்கள்.

இரண்டாவது மலை அதே பள்ளத்தாக்கில் சற்றுத் தள்ளி உள்ள போல்ட்டன் வேலி. ரால்ஃப் டெலோரியர் 1966 டிசம்பரில் திறந்தார். இது வேறு கனவு. காட்டுக்குள் நாலைந்து மைல் சாலை போட்டு, விடுதியும் வீடுகளும் கடைகளும் கட்டி, மலைமேல் ஒரு கிராமத்தையே உண்டாக்கினார். தைரியமான வேலை. வெர்மான்ட்டில் ஏராளமான பள்ளிப் பிள்ளைகள் ஸ்கீ பழகியது அங்கே. ஆனால் 1990-களின் இறுதியில் மலை குடும்பத்தின் கையை விட்டுப் போயிற்று. அடுத்தடுத்துப் பல உரிமையாளர்கள் வந்து போனார்கள். 2017-ல் ரால்ஃபும் பிள்ளைகளும் சில முதலீட்டாளர்களோடு சேர்ந்து அதைத் திரும்ப வாங்கினார்கள். மகள் லிண்ட்ஸி தலைமைப் பொறுப்பேற்றார். வந்ததும் அவர்கள் கவனம் வைத்தவை இரவுச் சறுக்கு, லிஃப்ட் இல்லாமல் காட்டுக்குள் ஏறி இறங்கும் பேக்கன்ட்ரி வழிகள், கோடையில் மலைச் சைக்கிள். கைவசம் இருந்த நிலத்தையும் விளக்குகளையும் அதிகப் பேர் பயன்படுத்தச் செய்தார்கள். சறுக்கு வருமானத்தைக் கொண்டே சாலை, விடுதி, குடிநீர், கழிவுநீர் எல்லாவற்றையும் தாங்கவேண்டிய மலைக்கு ஒரு மோசமான குளிர்காலம் போதும், ஐந்து வருட உழைப்பு போய்விடும். உங்கள் ஊர்த் திட்டத்தில் விடுதி என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இது.

இந்த இரண்டும் தவிர வேறு முடிவுகளும் உண்டு. வெர்மான்ட்டின் பிகோ மலையை மீட் தம்பதியர் 1937-ல் தொடங்கினார்கள். அவர்கள் மகள் ஆண்ட்ரியா 1952 ஆஸ்லோ ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கியவர். 1940-ல் அங்கே போட்ட டி-பார், அதாவது T வடிவக் கம்பியால் ஆளை மேலே இழுத்துப்போகும் லிஃப்ட், அமெரிக்காவின் முதலாவது. கணவர் இறந்த பிறகு ஜேனட் மீட் அதைத் தொடர்ந்து நடத்தி 1954-ல் விற்றார். பின்னாளில் அது பக்கத்துக் கில்லிங்டன் மலையோடு ஒன்றாயிற்று. வெர்மான்ட்டின் இன்னொரு மலையான மேட் ரிவர் க்ளென்னின் உரிமையாளர் பெட்ஸி பிராட், 1995-ல் மலையைச் சறுக்க வருபவர்களின் கூட்டுறவுக்கே விற்றார். ஆக, பெரிய நிறுவனத்துக்கு விற்பது அல்லது மூடுவது என்ற இரண்டே வழிதான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது என் வேலைக்கு வருகிறேன். உங்கள் ஊர்த் திட்டத்தில் மூன்று பொருட்கள் இருக்கின்றன: லிஃப்ட், விடுதி, குளம். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், யோசிக்காமல் குளத்தைச் சொல்வேன்.

செயற்கைப் பனி பிறந்ததே ஒரு குடும்ப மலையின் நெருக்கடியில்தான். கனெக்டிகட்டின் மோஹாக் மலையை வால்ட் ஷோன்நெக்ட் 1947-ல் திறந்தார். பின்னாளில் மகள் நடத்தினார். 1949-50 குளிர்காலத்தில் பனி விழவில்லை. வால்ட் ஐஸ் கட்டிகளை லாரியில் வரவழைத்து அரைத்துச் சரிவில் பரப்பினார். அதே குளிர்காலத்தில் அதே மாநிலத்தில் ஸ்கீ தயாரித்துக்கொண்டிருந்த மூன்று பேர், பெயின்ட் அடிக்கும் கம்ப்ரசரையும் தோட்டக் குழாயையும் இணைத்துத் தண்ணீரைக் காற்றோடு பீய்ச்சிப் பனி செய்து பார்த்தார்கள். இன்று வரை அடிப்படை அதுதான். துளி தரையைத் தொடுவதற்குள் உறையவேண்டும். அதற்கு வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறது என்பதும் சேரவேண்டும். இரண்டையும் சேர்த்துச் சொல்லும் ஈரக்குமிழ் வெப்பநிலை மைனஸ் 2 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கினால்தான் வேலை தொடங்கும். காற்று நன்றாக உலர்ந்திருந்தால் வெப்பமானி பிளஸ் 1 காட்டும்போதும் பனி செய்யலாம். மூடுபனியில் பூஜ்யம் காட்டினாலும் ஸ்னோ கன்னை, அதாவது பனி பீய்ச்சும் குழலைத் திறக்கக்கூடாது. கன்னுக்கு முன்னால் சற்றுத் தள்ளி நின்று கையை நீட்டிப் பார்ப்போம். ஜாக்கெட் கைமேல் விழும் துகள் தெறித்து ஓடினால் உலர்ந்த பனி, தண்ணீரைக் கூட்டலாம். விழுந்த இடத்தில் துணி நனைந்து கறுத்தால் தண்ணீர் அதிகம், குறைக்கவேண்டும். எத்தனை சென்சார் வந்தாலும் இரவு மூன்று மணிக்கு நான் நம்புவது அந்தக் கையைத்தான்.

கணக்கைப் பாருங்கள். ஒரு ஏக்கரில் ஓரடி உயரத்துக்குப் பனி போட, வீணாவதையும் சேர்த்து, ஆறு லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். 40 ஏக்கர் சரிவு, இரண்டடி அடித்தளம் என்று வைத்துக்கொண்டால் 4.8 கோடி லிட்டர். உங்கள் மலையில் பழைய பம்பு விநாடிக்கு 30 லிட்டர் தள்ளுகிறது என்றால், இரவு பகலாக ஓடினாலும் பதினெட்டு நாளுக்கு மேல் ஆகும். விநாடிக்கு 90 லிட்டர் தள்ளினால் ஆறு நாளில் முடியும். முன்பு டிசம்பரில் தொடர்ச்சியாகக் கிடைத்த குளிர் இப்போது இரண்டு நாள், மூன்று நாள் என்று துண்டுதுண்டாகத்தான் கிடைக்கிறது. அந்தச் சிறிய இடைவெளியில் எவ்வளவு தண்ணீரைத் தள்ள முடிகிறது என்பதை வைத்தே கிறிஸ்துமஸ் வாரம் திறக்க முடியுமா என்பது முடிவாகும். கிறிஸ்துமஸ் வாரம், ஜனவரி மார்ட்டின் லூதர் கிங் விடுமுறை, பிப்ரவரி விடுமுறை வாரம் மூன்றும்தான் சிறிய மலைக்கு ஆண்டுச் சோறு போடுகின்றன. ஒன்று போனால் அந்த ஆண்டு நட்டம்.

குளம் ஏன் என்றால், ஓடையிலிருந்து நினைத்தபோது நினைத்த அளவு எடுக்க முடியாது. வெர்மான்ட்டில் பிப்ரவரி மாதத்தின் இடைநிலை நீரோட்டத்தை அளவுகோலாக வைத்து, ஓடையில் அதற்குக் கீழே நீர் குறையவிடக்கூடாது என்கிறார்கள், மீன்களுக்காக. நியாயமான விதி. அதனால் ஓடையில் நீர் அதிகமாக ஓடும்போது நிரப்பி வைத்துக் குளிர் வந்ததும் மொத்தமாக இறைக்கக் குளம் வேண்டும். கூடவே பழைய ஸ்னோ கன்களை மாற்றினால் கம்ப்ரசர் குடிக்கும் மின்சாரம் வெகுவாகக் குறையும். 2014-ல் மின்சேமிப்புக்கு உதவும் எஃபிஷியன்ஸி வெர்மான்ட் அமைப்பு இதற்கென்றே மானியம் கொடுத்து மலைகளின் பழைய கன்களை மாற்றவைத்தது. உங்கள் மாநிலத்தில் மின்நிறுவனம் இப்படி ஏதாவது தருகிறதா என்று அந்தக் குடும்பத்திடம் கேளுங்கள்.

லிஃப்டைப் பற்றி என் கருத்துக்கு எதிர்ப்பு இருக்கும். வேகமான சேர்லிஃப்ட் விளம்பரப் படத்துக்கு அழகு. ஆனால் மணிக்கு அதிகம் பேரை மேலே ஏற்றினால் அத்தனை பேரும் அதே சரிவில்தான் இறங்கவேண்டும். சரிவு குறுகலாக இருந்தால் வரிசை மறைந்து நெரிசல் கீழிருந்து மேலே போகும்; மோதல்கள் கூடும், பனியும் சீக்கிரம் சுரண்டப்பட்டுத் தரை தெரியும். அதை ஈடுகட்ட மறுபடி தண்ணீர். பழைய லிஃப்ட் பாதுகாப்பில்லை என்று மாநில ஆய்வாளர் சொல்லியிருந்தால் அது வேறு விஷயம், மாற்றித்தான் ஆகவேண்டும். அப்படியில்லை என்றால், பழைய டவர்களை வைத்துக்கொண்டு மோட்டார், கியர்பாக்ஸ், கட்டுப்பாட்டுப் பெட்டி மட்டும் மாற்ற முடியுமா என்று முதலில் பார்க்கவேண்டும். மேட் ரிவர் க்ளென்னில் 1948-ன் ஒற்றை நாற்காலி லிஃப்டை 2007-ல் அப்படியே புதுப்பித்தார்கள். வந்துபோகிறவர்கள் கேட்டதும் அதைத்தான்.

பருவநிலை பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது, நியூ இங்கிலாந்தின் குளிர்காலம் மற்ற பருவங்களைவிட வேகமாகச் சூடாகிறது என்பது. 2015-16-ல் டிசம்பர் முழுக்கக் கதகதப்பாகவே போனபோது வெர்மான்ட் மலைகளுக்கு வந்தவர்கள் முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். உங்கள் மலைக்கு இன்னும் எத்தனை வருடம் என்பதை எந்த மாதிரிக் கணக்கும் துல்லியமாகச் சொல்லாது. அடிவாரத்தின் உயரம், சரிவு வடக்கு நோக்கியதா, இரவுக் குளிர் பள்ளத்தில் தங்குகிறதா என்பதைப் பொறுத்து பக்கத்துப் பக்கத்து மலைகளுக்கே வித்தியாசம் வரும். ஆனால் ஐந்தில் ஒரு குளிர்காலம் 2015-16 மாதிரி இருக்கும் என்று வைத்துக் கடன் தவணை போட்டிருக்கிறார்களா என்று நீங்கள் கேட்கலாம். போடவில்லை என்றால் திட்டம் கனவில் எழுதப்பட்டது.

ஆகவே பணம் போடலாமா என்பதற்கு என் பதில், லாபத்தை எதிர்பார்த்துப் போடாதீர்கள் என்பது. மலை பிழைத்திருக்கவேண்டும் என்ற ஆசையில், போனாலும் பரவாயில்லை என்கிற தொகையைப் போடுவதென்றால், முதலில் அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். கேட்பது கடனா, பங்கா, நன்கொடையா என்று எழுத்தில் வாங்குங்கள். பெற்றோருக்குப் பிறகு யார் நடத்துவது, மற்ற பிள்ளைகளின் பங்கு என்ன என்று தயங்காமல் கேளுங்கள்; சங்கடமான கேள்விதான், ஆனால் அதற்குப் பதில் இல்லாத இடத்தில்தான் நல்ல மலைகள் விற்பனைக்குப் போயிருக்கின்றன. லாபநோக்கமற்ற அமைப்பாகவோ கூட்டுறவாகவோ மாற யோசித்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். ஊராரிடம் பணம் கேட்கும் நிலை வந்துவிட்டால் உரிமையிலும் ஊருக்கு இடம் கொடுப்பதுதான் முறை என்பது என் கட்சி. பிறகு பம்பு அறையைக் காட்டச் சொல்லுங்கள். பம்பின் பெயர்ப்பலகையில் ஓட்டமும் அழுத்தமும் எழுதியிருக்கும், அதைப் படமெடுங்கள். சரிவு எத்தனை ஏக்கர், குளத்தின் கொள்ளளவு எவ்வளவு, தண்ணீர் எடுக்க அனுமதி எந்த அளவுக்கு இருக்கிறது என்ற மூன்றையும் குறித்துக்கொண்டு இங்கே போடுங்கள். அந்த மலையை எத்தனை நாளில் திறக்க முடியும் என்று நான் கணக்குப் போட்டுத் தருகிறேன்.